ஒரு தீவு, இரண்டு மழைக்காலம்!

"இலங்கைக்குப் போக ஏற்ற மாதம் எது?"

பயணம் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. "எந்தக் கரைக்குப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால்தான் சரியான பதில் சொல்ல முடியும்.

இலங்கையின் நீளம் ஏறக்குறைய 270 மைல். அகலம் 140 மைல். இந்தச் சிறிய தீவில் ஒரு கரையில் மழை கொட்டும்போது மறு கரையில் வெயில் காய்கிறது!

மலை செய்யும் வேலை

தீவின் நடுவே மலைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் மிக உயர்ந்த பீதுருதலாகலை 8,281 அடி. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை இம்மலைகள் தடுக்கின்றன. அதனால் கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கம் நல்ல மழை. மலையைத் தாண்டிய காற்றில் ஈரம் இல்லை. மட்டக்களப்பில் அது அனலாக வீசுகிறது. "கச்சான் காற்று" என்று அதற்குப் பெயர்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்றின் ஆட்சி. அப்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் நனைகின்றன. காலிக் கடல் அமைதியாகிறது.

மீனவர் கணக்கு

இதை முதலில் அறிந்தவர்கள் மீனவர்களே. தென்மேற்குக் காற்று தொடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பலர் கிழக்குக் கரைக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வார்கள். வாடைக்காற்று வருமுன் ஊர் திரும்பிவிடுவார்கள்.

எப்போது, எங்கே?

பயணிகளுக்கும் அதே கணக்குதான். மேற்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்றது. சிவனொளிபாத மலை ஏறும் யாத்திரைக் காலமும் டிசம்பர் முதல் மே வரை. கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை போகலாம்.

பள்ளி விடுமுறையில் குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு ஏப்ரலில் நுவரெலியா குளிர்ச்சி தரும். ஆனால் பிற்பகலில் இடி மழை உண்டு, குடை அவசியம். மே கடைசியில் என்றால் திருகோணமலையே நல்லது.

ஜூலை, ஆகஸ்டில் திருவிழாக்கள்! யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாட்கள் நடக்கும். கண்டிப் பெரஹராவும் அந்தப் பருவத்தில்தான்.

எச்சரிக்கை!

அக்டோபர், நவம்பரில் தீவு முழுவதும் மழை பெய்யலாம். புயலும் வரும். 1978 நவம்பர் 23-ல் மட்டக்களப்பைப் புயல் சூறையாடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டிட்வா' புயலிலும், வெள்ளத்திலும், மண்சரிவிலும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கப்பலும் பருவத்துக்குக் கட்டுப்பட்டதே. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது. மழைக்காலம் நெருங்கியதால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே, மழை மாதங்களில் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே மூட்டை கட்டுவது நலம்.

பருவம் தப்பிய மாதங்களில் ஓட்டல் வாடகை குறையும். அதில் மயங்கிக் கடலில் இறங்குவது ஆபத்து. போன இடத்தில் மீனவர்கள் படகுகளைக் கரையேற்றி வைத்திருந்தால், அந்தக் கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. குளிக்க மறு கரை இருக்கிறது!