கடைசி வரிசையிலும் ஒளி படரட்டும்

தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிப்பூரம், மகா கும்பாபிஷேகம் என எவ்விழாவாயினும், அது நிறைவுறும் வேளையில் நம் ஆலயங்களில் தவறாது ஒலிக்கும் அழைப்பு ஒன்று உண்டு: "எல்லாரும் வாங்க, ஒரு படம் எடுத்துக்கலாம்!" தலைவரும் அர்ச்சகரும் உபயகாரர்களும் முன்வரிசை நாற்காலிகளில் அமர்வர். இளைஞர்கள் அவர்களுக்குப் பின்னே நிற்பர். அன்னதானக் கூடத்தில் அடுப்பருகே நின்று வெந்த தாய்மார்களும், தேரோடு நடந்த தொண்டர்களும், அண்டா துலக்கியவர்களும் கடைசி வரிசைக்குச் சென்றுவிடுவர். படம் கைக்கு வந்ததும் பார்த்தால் முன்வரிசை வெளுத்துக் கிடக்கும். கடைசி வரிசை இருளில் மூழ்கியிருக்கும். தொண்டில் முன்னின்றவர்கள் படத்தில் முகமற்றுப் போவது முறையாகுமா?

இது சிறு செய்தியன்று. கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. இன்று கடைசி வரிசையில் நிற்கும் மூதாட்டி அடுத்த கும்பாபிஷேகத்தைக் காண்பாரா என்பதை இறைவனே அறிவான். தோட்டங்கள் கைமாறி, ஆலயங்கள் இடம்பெயர்ந்த இந்நாட்டில், முன்னோர் செய்த திருப்பணிக்குச் சான்றாகச் சுவரில் மாட்டிய குழுப்படம் மட்டுமே எஞ்சிய இடங்களும் உண்டு. ஆகவே, எடுத்துச் செல்லத்தக்க ஒளிக்கருவிகளை ஆலய நிர்வாகத்தினர் அறிந்து தேர்ந்தெடுப்பதும் திருப்பணியின் ஓர் அங்கமே.

இருள் ஏன் விழுகிறது?

விளக்கிலிருந்து தொலைவு இரு மடங்கானால் ஒளி கால் பங்காகக் குறையும். இது இயற்கையின் விதி. கேமராவின் தலையில் பொருத்திய பிளாஷ் முன்வரிசைக்கு 3 மீட்டர் தொலைவிலும், கடைசி வரிசைக்கு 6 மீட்டர் தொலைவிலும் இருந்தால், பின்னால் நிற்பவருக்குக் கிடைப்பது நாலில் ஒரு பங்கு ஒளியே. அதே விளக்கைத் தாங்கியில் நிறுத்தி, முன்வரிசையிலிருந்து 6 மீட்டர் தள்ளி வைத்தால், 9 மீட்டரில் நிற்கும் கடைசி வரிசைக்கு ஏறத்தாழப் பாதி ஒளி சென்று சேரும். விளக்கை எட்டு அடிக்கு மேல் உயர்த்தி, பின்வரிசையை நோக்கித் திருப்பிவிட்டால் எஞ்சிய வேறுபாடும் பெரிதும் குறையும். விளக்கு தள்ளியும் உயர்ந்தும் நிற்க வேண்டும். தள்ளி நிற்பதற்கேற்ற வலிமையும் அதற்கு வேண்டும். தேர்வு முழுவதும் இவ்விரண்டில் அடங்கும்.

எத்தகைய விளக்கு?

ஒரு காலத்தில் மக்னீசியத் தூளைக் கொளுத்திப் புகை எழுப்பிப் படமெடுத்தார்கள். 1930-ஐ ஒட்டி ஒருமுறை எரிந்தணையும் பிளாஷ் குமிழ்கள் வந்தன. பின்னர் மின்னணு பிளாஷ் பரவியது. இன்று நம் முன் மூன்று வகைகள் உள்ளன.

முதலாவது, நான்கு சிறு பேட்டரிகளில் இயங்கும் கைப்பிளாஷ். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒன்று போதும். முப்பது பேருக்கு இரண்டு வேண்டும். இரண்டாவது, லித்தியம் மின்கலத்தில் இயங்கும் 200 வாட்-செகண்ட் அளவிலான பிளாஷ். கைப்பிளாஷைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு ஆற்றல் உடையது, தோள்பையில் அடங்கும். பெரிய குழுக்களுக்கு இதுவே உகந்தது. மூன்றாவது, எல்.இ.டி. பலகை விளக்கு. ஒளி விழும் விதத்தைக் கண்ணால் பார்த்தே சரிசெய்யலாம் என்பது இதன் சிறப்பு. ஆயினும் சிறு பலகைகளின் ஒளி இரவில் பெருங்குழுவுக்குப் போதாது. நெடுநேரம் கண் கூசுவதால் முதியோர் முகஞ்சுளிப்பர்.

குடையும் தாங்கியும்

வெறும் பிளாஷின் ஒளி கடுமையானது. வெண்குடை ஒன்றின் வழியே செலுத்தினால் மென்மையாகப் பரவும். குடையைக் கேமராவுக்கு அருகில், சற்று மேலே வைப்பது நலம். வெகுவாகப் பக்கவாட்டில் வைத்தால் ஒருவரின் நிழல் அடுத்தவர் முகத்தில் விழும். உயரத்தில் வைப்பதால் மூக்குக்கண்ணாடியிலும் வியர்த்த நெற்றியிலும் தோன்றும் வெள்ளைப் பளபளப்பும் குறையும். மூன்று நான்கு வரிசைகளும் தெளிவாக அமைய லென்சின் திறப்பை எஃப் 8 அளவிலும், ஐ.எஸ்.ஓ.வை 800 அளவிலும் வைத்துத் தொடங்கலாம்.

மண்டபத்தில் ஒன்று, மலையில் ஒன்று

வெண்ணிறத் தாழ்கூரையுடைய திருமண மண்டபத்தில் பிளாஷைக் கூரை நோக்கித் திருப்பினாலே ஒளி அனைவர் மீதும் பொழியும். வண்ணம் தீட்டிய ஆலய விதானத்தில் அவ்வாறு செய்தால் அதன் சிவப்பும் பச்சையும் முகங்களில் படியும். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வரும் பத்துமலையின் ஆலயக் குகையிலோ கூரை ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேல்நோக்கிச் செலுத்தும் ஒளி திரும்பி வராது. அங்கே குடையே துணை.

அடிவாரத்தில், 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் முன்னே இரவில் நிற்கும் குழுவுக்கு வேறு முறை வேண்டும். எந்தக் கைவிளக்கும் சிலையின் திருமுகத்தை எட்டாது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால், சிலை தன் விளக்கொளியிலும் அன்பர்கள் பிளாஷ் ஒளியிலும் தெளிவாகப் பதிவாவர். ஒளி மின்னிய பின்னும் ஒரு கணம் அசையாது நிற்குமாறு அனைவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய சீருடை

விழாவுக்கென ஒரே நிறச் சேலைகளும் ஜிப்பாக்களும் வாங்க நம்மவர் நாடுவது ஜாலான் மஸ்ஜித் இந்தியாத் துணிக்கடைகளையே. வெள்ளை வேட்டியும் சரிகைக் கரையும் ஒளியை வாரித் திருப்பிவிடுவதால், தானியங்கி முறையில் இயங்கும் பிளாஷ் ஒளி மிகுந்ததாகக் கருதித் தன்னைக் குறைத்துக்கொள்ளும். நம் மாநிற, கருநிற முகங்கள் மேலும் இருண்டுவிடும். ஆதலால் ஆற்றலைக் கையால் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பிளாஷையே வாங்குக. கேமராக் கடைகளுக்குப் பெயர்பெற்ற புடு பிளாசா போன்ற இடங்களுக்குச் செல்லும்போது வெள்ளை ஜிப்பா அணிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று சோதித்துப் பார்ப்பது நன்று.

கூட்டமும் மழையும்

ஜாலான் துன் எச்.எஸ். லீயில், 1873-இல் தோன்றிய ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து தைப்பூச வெள்ளி ரதம் இரவில் புறப்படும் நேரத்தில், சாலையில் தாங்கி நிறுத்த இடமிராது. நீண்ட கழியில் விளக்கைப் பொருத்தி, தொண்டர் ஒருவரைப் பிடித்திருக்கச் செய்வதே பாதுகாப்பு. வெளியிடத்தில் தாங்கியை நிறுத்தினால் அதன் காலில் மணல்பை வைத்தாக வேண்டும். குடை காற்றில் சாய்ந்தால் குழந்தைகள் மீது விழும். பிளாஷில் உயர் மின்னழுத்தம் இருப்பதால் மழையில் நனைய விடலாகாது. பழனிக்கு விமானத்தில் செல்வோர் உபரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையிலேயே கொண்டு செல்ல வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டவற்றுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை.

கருவறை நோக்கி ஒருபோதும் பிளாஷ் மின்னலாகாது. அருள் வந்த நிலையில் காவடி ஏந்திச் செல்வோரின் கண்ணெதிரே மின்னுவதும் தகாது. படம் வழிபாடு முடிந்த பின்னர்தான்.

மெய்யன்பர்களே! விளக்கு நன்கொடை செய்வது நம் மரபில் பெரும் புண்ணியம். அடுத்த விழாவுக்கு உபயம் தர எண்ணுவோர், இரு விளக்குகளும் இரு தாங்கிகளும் இரு வெண்குடைகளும் ஆலயத்துக்கு வழங்கலாம். படம் எடுக்குமுன் நிர்வாகத்தினர் கடைசி வரிசையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அங்குள்ள ஒவ்வொரு முகத்திலும் ஒளி படுகிறதா என்று உறுதி செய்துகொள்வார்களாக. எல்லாம் வல்ல முருகப்பெருமான் அனைவருக்கும் அருள்புரிவானாக!