எழுதாமல் விட்ட கிலோ

மலையிலிருந்து 100 கிலோ பச்சைக் கொழுந்து வந்து இறங்குகிறது. அதில் 78 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இரவு முழுக்க வாட்டியதில் ஈரம் 55 சதவீதமாகக் குறைகிறது. இப்போது கொழுந்தின் எடை என்ன?

78இல் 55 போக 23. ஆகவே 77 கிலோ என்றுதான் பலர் சொல்வார்கள். சரியான விடை 49 கிலோ. பாதிக்கு மேல் ஆவியாகப் போய்விட்டது!

இந்த 55 சதவீதம் பழைய 100 கிலோவுக்கு உரியதல்ல, வாடிய பின் மிஞ்சிய எடைக்கு உரியது. அந்த எடைதான் நமது தெரியாக் கணியம். ‘க’ என்று பெயரிடுவோம். காற்று தண்ணீரை மட்டுமே கொண்டுபோகும். இலையிலுள்ள 22 கிலோ உலர்பொருள் அப்படியே இருக்கும். ஆக, 0.45 க = 22; க = 48.9. உலர்த்தி முடித்த தேயிலையில் ஈரம் 3 சதவீதம் என்றால் 0.97 க = 22; கிடைப்பது 22.7 கிலோ. இலங்கையின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து என்று கணக்கிடுவது இதனால்தான்.

வசனக் கணக்கைக் கண்டு மிரளும் பிள்ளைகள் முதலில் தேட வேண்டியது, கதையில் எது மாறவில்லை என்பதை. சமன்பாட்டின் இரு பக்கத்தையும் சேர்த்துக் கட்டுவது அதுதான்.

இதே சமன்பாட்டைத் திருப்பிப் போடலாம். கொழுந்து 100 கிலோ என்று பதிந்த நாளில் 24 கிலோ தேயிலை வந்தால்? இம்முறை ‘க’ என்பது கொழுந்தின் உண்மையான எடை. 0.22 க = 0.97 × 24. க = 105.8. ஏறக்குறைய ஆறு கிலோ கொழுந்து தொழிற்சாலைக்குள் போயிருக்கிறது, பெயரேட்டில் ஏறவில்லை.

அவசரப்பட்டுக் குற்றம் சாட்டவும் கூடாது. வறண்ட காற்று வீசும் காலத்தில் இலையிலேயே ஈரம் குறைவு. தேயிலை கூடத்தான் வரும். மழை நாளில் இலைமேல் நிற்கும் தண்ணீருக்காக எடையில் கழிப்பதிலும் நியாயம் உண்டு. எவ்வளவு கழிக்கலாம் என்பதுதான் கேள்வி. ஒரு பிடி கொழுந்தை நிறுத்து, முற்றாக உலர்த்தி, மறுபடி நிறுத்தால் அன்றைய ஈரம் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் கண்மதிப்பில் வெட்டும் கிலோவை நான் ஏற்கமாட்டேன்.

ஏனெனில் அந்தக் கிலோ கூலியோடு பிணைந்தது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு தோட்டத்தில் முழுப் பேருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, 18 கிலோ வேண்டும் என்று கொள்வோம். பதினேழரை என்று பதியப்பட்ட பெண் உண்மையில் பறித்தது, மேற்கண்ட விகிதப்படி, பதினெட்டரை. அரைக் கிலோக் குறைவென்று அவருக்கு அரைப் பேர் போட்டால் பறிபோவது பாதிநாள் கூலி.

கொழுந்தின் எடை, ஈரம், கிடைத்த தேயிலை ஆகிய மூன்றையும் தோட்டங்கள் நாள்தோறும் பலகையில் எழுதிப் போடட்டும். அட்சரகணிதம் படிக்கும் பிள்ளைகள் லயத்தில் ஏராளம். அம்மாவின் கிலோவை அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.