மடிப்புத் தவறிய புரதமும் மூச்சுத் திணறும் பிள்ளையும்

நெகிரி செம்பிலானில் பகாவ், ரொம்பின், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் இன்று எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆனால் உங்கள் தாத்தா பாட்டியிடம் பால்மரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடிகாலையில் மங்கில் இறங்கிய பாலை நேரத்தோடு எடுக்காவிட்டால், அது அங்கேயே உறைந்து கட்டிப்பாலாகிவிடும் என்பார்கள். அதற்கான காரணம் படிவம் 5 வேதியியல் பாடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ரப்பர்த் துகளையும் எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு புரத உறை சூழ்ந்திருக்கிறது. உறைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் பால் திரவமாக நிற்கிறது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ததும், துகள்கள் மோதி, உறை கிழிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

புரதத்தின் நிலை கெட்டால் அதை நம்பியிருப்பதும் கெடும். நம் நுரையீரலிலும் இதுபோன்ற ஒரு சிக்கல் உண்டு. அங்கே கெடுவது மின்னூட்டம் அல்ல, புரதத்தின் வடிவம்.

வடிவம் இருந்தால்தான் வேலை

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. அது சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். அந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எங்கே அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டார்கள். இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று ‘இராமச்சந்திரன் வரைபடத்தில்’ வைத்துப் பார்க்கிறார்கள்.

உயிரணுவுக்குள் இந்த மடிப்பு வேலைக்கு உதவத் துணைப்புரதங்கள் இருக்கின்றன. மடிப்புத் தவறியதை அவை திருத்தப் பார்க்கும். திருத்த முடியாததன்மேல் ‘அழிக்க வேண்டியது’ என்று முத்திரை விழும். பிறகு அது துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, அமினோ அமிலங்கள் மறுபடி பயன்படும். ஆக்குவது, மடிப்பது, அழிப்பது ஆகிய மூன்றும் ஒத்துப்போவதே புரதச் சமநிலை. அது இரண்டு விதமாகக் குலையலாம்.

தேவையானது குப்பைக்குப் போனால்

மூச்சுக்குழாய் உயிரணுக்களின் மேற்பரப்பில் சிஎஃப்டிஆர் என்றொரு புரதம் வாயில்போல நிற்கிறது. குளோரைடு அயனிகள் அதன் வழியே வெளியேறும். பின்னாலேயே நீரும் செல்லும். அதனால்தான் சளி இளகியிருக்கிறது. இந்தப் புரதத்தில் 1,480 அமினோ அமிலங்கள் உள்ளன. சிலருக்குப் பிறவியிலேயே 508ஆவது மட்டும் இருக்காது. அந்த ஒன்று இல்லாததால் மடிப்பு சற்றுக் கோணலாகிறது. மேற்பரப்பைச் சென்றடைந்தால் அது ஓரளவு வேலை செய்யக்கூடியதுதான். ஆனால் உயிரணு அதைக் கழிவு என்று முடிவுகட்டி, வழியிலேயே பெரும்பாலும் அழித்துவிடுகிறது. வாயில் இல்லாததால் சளி கெட்டியாகிறது, கிருமிகள் தங்குகின்றன, நுரையீரல் சிறுகச் சிறுகச் சிதைகிறது. இதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

குப்பை வெளியேறாவிட்டால்

நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அவற்றின் உட்புறத்தில் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதிலுள்ள சி வகைப் புரதம் முதலில் 197 அமினோ அமிலங்களுடன் உருவாகி, பின்னர் 35ஆக நறுக்கப்படுகிறது. அதன் மரபணுவில் பிழை இருந்தால், தவறாக மடிந்த புரதம் உயிரணுவுக்குள் தேங்கக்கூடும். தேக்கம் உயிரணுவை நெருக்கிச் சாகடிக்க, அந்த இடத்தில் தழும்புத்திசு வளர்கிறது. 2001இல் ஒரு தாயிடமும் அவருடைய கைக்குழந்தையிடமும் இத்தகைய பிழை இருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. முதல் நோய் வர, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வரவேண்டும். இரண்டாவதற்கு ஒன்றே போதும். ஏன்? வாயில் பாதி இருந்தாலே உயிரணு சமாளித்துக்கொள்ளும். குப்பை அப்படியல்ல. நல்ல மரபணு பக்கத்திலேயே ஒழுங்காக வேலை செய்தாலும், கெட்டது கொட்டுகிற குப்பை குப்பைதான்.

மடிப்பைத் திருத்தும் மாத்திரை

கோணலாக மடிந்த சிஎஃப்டிஆரைத் தாங்கிப் பிடித்து மேற்பரப்புக்கு அனுப்பும் மருந்துகள் இப்போது வந்துவிட்டன. அத்தகைய மூன்று மருந்துக் கூட்டு ஒன்றுக்கு அமெரிக்கா 2019இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 2023இல் 2 வயதுக் குழந்தைகள்வரையும் அனுமதி தந்தது. மூச்சுவிடவே திணறிய பிள்ளைகள் பலர் ஓடி விளையாடத் தொடங்கினார்கள். ஆனால் அறிமுகமானபோது அங்கே அதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கும் மேல். அந்த விலையில் வாங்க எந்தத் தோட்டக் குடும்பத்தால் முடியும்? அறிவியல் திறந்த கதவை விலை மீண்டும் சாத்திவிடுகிறது.

நம் பக்கத்தில்

இந்நோய் ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் அதிகம். ஆனால் இந்திய வம்சாவளிக் குழந்தைகளுக்கும் வருகிறது. இங்கு அரிது என்பதால் ஆஸ்துமா, காசநோய் என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. நம்மிடம் 508ஆம் இடத்துப் பிழை குறைவு. வேறு பிழைகள் அதிகம். எனவே ஐரோப்பியர்களுக்கென வடிவமைத்த மரபணுச் சோதனை சிலரைத் தவறவிடலாம். வியர்வையிலுள்ள உப்பை அளக்கும் சோதனை அப்போது கைகொடுக்கும்.

2015இலும் 2019இலும் புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்டது நினைவிருக்கிறதா? புகை, மரபணுப் பிழை இல்லாத நுரையீரலிலும் புரத மடிப்புக்கு நெருக்கடி தருவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஏற்கெனவே சமநிலை குலைந்த பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை.

இருமும் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த அரிய நோய் இருப்பதாக அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் சாதாரணச் சளிதான். ஆனால் உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ நெஞ்சுச்சளி திரும்பத் திரும்ப வருகிறதா? நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லையா? முத்தமிட்டால் தோல் வழக்கத்தைவிட உப்புக் கரிக்கிறதா? அப்படியானால் மருந்துக்கடை இருமல் மருந்தோடு நிறுத்தாமல் சுகாதார மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சிரம்பான் பொது மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ‘வியர்வை உப்புச் சோதனை வேண்டுமா?’ என்று மருத்துவரிடம் கேட்க வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.