நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும்

மணிப்பூரின் மோரேயிலிருந்து பர்மாவுக்கு ஒரு பகல் பயணம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு போதும் என்றிருந்தது. அந்தச் சீட்டை நம்பி ஓர் ஊரே பிழைத்தது.

காட்சி மிகச் சாதாரணமானது. ஓர் இரும்புக் கதவு. துப்பாக்கியுடன் அசாம் ரைபிள்ஸ் ஜவான்கள். காலை வெயிலில் ஒரு வரிசை: கூடையுடன் பெண்கள், மூட்டை தூக்குபவர்கள், கம்பளி வாங்க இம்பாலிலிருந்து வந்த குடும்பங்கள், வேடிக்கை பார்க்க வந்த இளைஞர்கள். மோரேயில் இதற்கு இரண்டாம் நம்பர் கேட் என்று பெயர். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நாலு எட்டு நடந்தால் நம்பலாங் சந்தை. அது மியான்மர் மண். அங்கே சிறு கட்டணம் செலுத்தி ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, வண்டி பிடித்து 5 கி.மீ. போனால் தமு நகரம். புத்தர் கோயில்களைப் பார்த்து, மதியச் சாப்பாட்டை முடித்து, மாலை 4 மணிக்குக் கதவு மூடும் முன் திரும்பிவிட வேண்டும்.

2020 மார்ச் வரை இது அன்றாட நிகழ்ச்சி. வெளிநாடு போய் வந்த சுவடு பாஸ்போர்ட்டில் இருக்காது. கையில் இருக்கும் பையில் மட்டுமே இருக்கும்: சீனக் கம்பளி, பிளாஸ்க், பர்மிய லுங்கி, பெண்கள் முகத்தில் பூசும் தனகா. சந்தையில் ரூபாயும் செல்லும், கியாட்டும் செல்லும். கடிகாரம் மட்டும் உடன்படாது. மியான்மரின் நேரம் அரை மணி கூடக் குறையாமல் இந்திய நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. கதவு மூடும் 4 மணி, மறுபுறத்தில் 5 மணி. இந்தக் கணக்கை மறந்தால் ஆபத்து பயணிக்குத்தான்.

இந்தியாவின் நில எல்லைகளில் இப்படிப் பல ரகம் உண்டு. நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசாவே கிடையாது. 1950 ஒப்பந்தம் அதைப் பார்த்துக்கொள்கிறது. பூடானுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அட்டையையோ காட்டி எல்லை நகரான புந்த்ஷோலிங்கில் அனுமதி பெறுகிறார்கள். மியான்மர் எல்லை இரண்டிலும் சேராது. சந்தைக்குப் போகத் துண்டுச் சீட்டு போதும். ஆனால் தமுவைத் தாண்டி ஓர் அடி வைக்க முழு விசா வேண்டும். பல ஆண்டுகள் விசா இருந்தும் பயனில்லை. தரைவழியே நுழைய மியான்மர் அரசின் தனி அனுமதி வேண்டும், அதற்கு ஏஜெண்டுகளுக்குத் தண்டம் அழ வேண்டும்.

1,643 கி.மீ. நீளமுள்ள இந்த எல்லையில் இருபுறமும் ஒரே இனத்தவர் வாழ்கிறார்கள். குக்கி, நாகா, மிஸோ குடும்பங்களில் அண்ணன் இந்தியர், தம்பி பர்மியர் என்பது சகஜம். அதனால் எல்லையோர மலைவாழ் மக்கள் 40 கி.மீ. வரை தாராளமாகப் போய்வர வழி செய்யப்பட்டிருந்தது. 2004-ல் அது 16 கி.மீ. ஆகச் சுருங்கியது. சந்தைக்குப் போகும் மற்றவர்களுக்குப் பகல் நேரச் சீட்டு என்பது இந்த ஏற்பாட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சலுகை. ஓரத்தில் இருந்தாலும், மோரேயின் கல்லாப் பெட்டிகளை நிரப்பியது அதுதான்.

இந்த ஊரில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இம்பாலிலிருந்து சுமார் 110 கி.மீ. மலைப்பாதையைக் கடந்து வருபவரை இங்கே ஒரு கோபுரம் வரவேற்கிறது. அங்காள பரமேஸ்வரி கோயில். தமிழ்ச் சங்கமும் இருக்கிறது, இட்லியும் கிடைக்கிறது.

காரணம் 1962. அந்த ஆண்டு மார்ச்சில் பர்மாவில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின், 1964-ல் கடைகளை நாட்டுடைமையாக்கினார். 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெறுங்கையுடன் கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் முளைத்தது அப்படித்தான். ஆனால் கப்பலில் வந்த எல்லோருக்கும் தமிழகம் பிடிபடவில்லை. முகாம் வாழ்க்கை ஒத்துவராமல், பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் தரைமார்க்கமாகக் கிளம்பினார்கள். ரயிலும் பஸ்ஸும் நடையுமாக நாட்டின் மறுகோடிக்கு வந்தவர்களைப் பர்மிய அதிகாரிகள் எல்லையில் தடுத்தார்கள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் போகவும் மனமில்லை. கதவு மூடிக்கிடந்த இடத்திலேயே குடிசை போட்டார்கள். குடிசைகள் கடைகளாயின. பர்மிய மொழி தெரிந்தவர்கள் என்பதால் வியாபாரம் கைகொடுத்தது. மோரே தமிழர்களின் கதை இதுதான்.

அதாவது, அனுமதிச் சீட்டு கிடைக்காததால் உருவான ஒரு சமூகம், பின்னர் அனுமதிச் சீட்டை வைத்தே பிழைத்தது. பெற்றோருக்கு மறுக்கப்பட்ட மண்ணில் பிள்ளைகளுக்கு ஒரு பகல் பொழுது கிடைத்தது. அதுவும் தமு வரைதான். அப்பா பிறந்த ஊர் மாண்டலே பக்கமோ ரங்கூன் பக்கமோ என்றால் சீட்டு உதவாது.

அதற்கும் வழி பிறப்பதுபோல் ஒரு காலம் வந்தது. 1995-ல் மோரேயில் முறைப்படி எல்லை வர்த்தகம் தொடங்கியது. 2001-ல் தமுவிலிருந்து கலேம்யோ வழியாகக் கலேவா செல்லும் 160 கி.மீ. நட்புறவுச் சாலையை இந்தியா போட்டுக்கொடுத்தது. 2018 மே மாதம் இரு நாடுகளும் எல்லைக் கடப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட, ஆகஸ்ட் 8-ல் மோரே-தமு கதவு சர்வதேச நுழைவாயிலாகத் திறந்தது. பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 2019 ஜனவரியில் மோரேயில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். மோரேயிலிருந்து மாண்டலே வழியாக பாங்காக் வரை காரில் போகலாம் என்று பேச்சு நடந்தது.

பேச்சு நீடித்தது ஒன்றரை ஆண்டு. 2020 மார்ச்சில் கொரோனா கதவை மூடியது. அது தணிவதற்குள் 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் மீண்டும் ராணுவ ஆட்சி. தமு வட்டாரம் போர்க்களமாயிற்று. உயிர் தப்பியவர்கள் இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். வழக்கமான வரிசைக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் பழகிய கால்கள் நிற்கவில்லை. 2022 ஜூலை 5 அன்று மோரேயைச் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில கி.மீ. தொலைவு, போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்ற நினைப்புக்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

அடுத்த அடி உள்ளேயிருந்து விழுந்தது. 2023 மே 3 அன்று மணிப்பூரில் மெய்தி-குக்கி மோதல் வெடித்தது. மோரேயில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எந்தத் தரப்பிலும் இல்லாத தமிழர்களின் வீடுகளும் தப்பவில்லை. மெய்தி பகுதியையும் குக்கி பகுதியையும் தாண்டி வர வேண்டிய இம்பால் சாலையில் பயணமே பிரச்சினை ஆனது. வாடிக்கையாளர் இல்லாத சந்தைக்குக் கதவு திறந்தால் என்ன, மூடினால் என்ன?

டெல்லியின் பார்வையும் மாறிவிட்டது. போதைப்பொருள், ஆயுதம், ஊடுருவல் எல்லாம் இந்தத் தாராளத்தின் வழியே வருகின்றன என்பது அரசின் வாதம். அதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. 2024 பிப்ரவரியில், சுதந்திரமாகப் போய்வரும் முறை ரத்து செய்யப்படும் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். எல்லை முழுவதற்கும் வேலி என்பது திட்டம். மிஸோரமும் நாகாலாந்தும் கொதித்தன. ஆண்டு இறுதியில் வந்த விதிமுறைகளில் முறை அடியோடு போகவில்லை, இறுக்கப்பட்டது: தூரம் 16-லிருந்து 10 கி.மீ.; எல்லைப் பாஸ் வாங்க வசிப்பிடச் சான்று; புகைப்படம், கைரேகைப் பதிவு; அதிகபட்சம் ஏழு நாள்; போன வழியிலேயே திரும்ப வேண்டும்.

வெளி மாநிலத்தவருக்கோ சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. 2020 ஜனவரி 1 முதல் மணிப்பூருக்குள் நுழையவே உள்எல்லை அனுமதி வேண்டும். ஒரு காலத்தில் வாக்காளர் அட்டையுடன் பர்மா பார்த்து வந்த இந்தியர், இப்போது மணிப்பூர் பார்க்கவே சீட்டு எழுத வேண்டும்.

பாங்காக் நெடுஞ்சாலை என்றாவது வரலாம். வரைபடங்களில் அது அழகாகவே இருக்கிறது. மோரேக்காரர்களின் எதிர்பார்ப்பு அவ்வளவு பெரிதல்ல. காலையில் கதவு திறக்க வேண்டும், உயிர்ப் பயமில்லாமல் சந்தைக்குப் போய் வர வேண்டும், மாலை 4 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கதவருகே காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே இடத்தில் இன்னும் காத்திருக்கிறார்கள்.