தலைமைப் பயிற்சிக்கு மலையேறும் முன்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலம் என்று வியாபாரம் செய்துவந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று காக்கநாடு இன்ஃபோபார்க்கிலும் வங்கிகளிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள். "அடுத்த மாதம் லீடர்ஷிப் ரிட்ரீட், மூணாறு போகிறோம்" என்ற பேச்சு நம் வீடுகளிலும் கேட்கிறது. ரிட்ரீட் என்றால் இந்த ஊரில் முதலில் நினைவுக்கு வருவது தேவாலயங்களில் நடக்கும் தியானம்தான். அன்றாட இரைச்சலிலிருந்து சற்று ஒதுங்கி நம்மை நாமே பார்த்துக்கொள்வது என்பது அதன் பொருள். நிறுவனங்களும் இதற்காகத்தான் தம் மேலாளர்களை இரண்டு மூன்று நாட்கள் மலைக்கு அழைத்துச் செல்கின்றன. ஏற்பாடு செய்யும் பொறுப்போ பெரும்பாலும் இளையவர் ஒருவர் தலையில் விழுகிறது. அவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

விடுதி, பஸ், சாப்பாடு ஆகிய மூன்றையும் பேசி முடித்துவிட்டால் வேலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். காட்டை ஒட்டிய மலைக்கு அது போதாது. திருக்குறளின் அரசியல் பகுதியில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அந்த வரிசையிலேயே இந்தத் திட்டத்தையும் பார்ப்போம்.

தெரிந்துசெயல்வகை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எதைப் பேசி முடிக்கப் போகிறோம்?" என்பது. திரும்பி வரும்போது கையில் இருக்க வேண்டிய முடிவுகள் இரண்டோ மூன்றோ போதும். அவற்றை ஒரு தாளில் எழுதிப் போகிறவர்கள் அனைவருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது அலுவலகச் செலவில் நடக்கும் சுற்றுலாவாகவே முடியும்.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து நடத்தும் கடையிலும், அடுத்து யார் பொறுப்பேற்பது, கணக்கை யார் பார்ப்பது என்ற பேச்சு வருடக்கணக்கில் தள்ளிப்போவதுண்டு. கடை வாசலில் வாடிக்கையாளர் நிற்கும்போது அதைப் பேச முடியாது. இரண்டு நாள் வெளியே போய்ப் பேசினால் முடியலாம்.

வலியறிதல்

கொச்சியிலிருந்து மூணாறு சுமார் 130 கிலோமீட்டர். கோதமங்கலம், நேரியமங்கலம் வரை சிரமமில்லை. அதற்கு மேல் அடிமாலி வழியாக வளைந்து ஏறும் மலைப்பாதை. நான்கைந்து மணி நேரப் பயணத்தில் பலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். ஆகவே போய்ச் சேரும் நாளில் கூட்டம் வைக்காதீர்கள். இருட்டிய பின் மலை ஏறுவதும் வேண்டாம். சாலையில் காட்டு யானை நிற்கலாம். மூணாறில் உலவும் ஒரு கொம்பனுக்கு அங்குள்ள மக்கள் 'படையப்பா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

குழுவில் இதய நோயாளி உண்டா, கர்ப்பிணி உண்டா, யாருக்கு என்ன மருந்து என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அருகில் உள்ள மருத்துவமனை எது, அங்கு போக எவ்வளவு நேரமாகும் என்பதும் தாளில் இருக்கட்டும்.

வண்டிக்கும் படகுக்கும்கூட வலிமையின் எல்லை உண்டு. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடி ஏரியில் 'ஜலகன்னிகா' என்ற அரசுச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும், பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. உயிர்காப்பு அங்கி இல்லாமல் எந்தப் படகிலும் ஏற மாட்டோம் என்று சொல்லத் தயங்கக் கூடாது. மேலதிகாரியே அவசரப்படுத்தினாலும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நம்மைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி பக்கத்தில் இருப்பதில்லை. சனி, ஞாயிறு இரண்டையும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால் வீட்டில் இருப்பவர் தனியாகத் திண்டாடுவார். வியாழன், வெள்ளி என்று வைத்தால் விடுதிகளில் கூட்டமும் குறைவாக இருக்கும். பெண் ஊழியர்கள் கலந்துகொள்வதும் எளிதாகும்.

காலமறிதல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மழையில் மலை அழகுதான். ஆனால் இந்த மலைகளின் மழை எப்படிப்பட்டது என்பதைப் பழையவர்கள் மறக்கவில்லை. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் மூணாறில் ஓடிக்கொண்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே அழித்துவிட்டது. 2018 ஆகஸ்டில் மீண்டும் பெருவெள்ளம். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பின் மீது மண் சரிந்தது. காணாமற்போனவர்களையும் சேர்த்து 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவு இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சிவப்பு, ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் கட்டிய முன்பணத்தைப் பார்க்காமல் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவு. தேதி மாற்ற வசதி உண்டா என்பதை விடுதியிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற மாதங்களுக்கும் கணக்கு உண்டு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை குமுளி வழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் நிறைந்திருக்கும். வரையாடுகள் குட்டி ஈனும் காலமென்று இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடுவது வழக்கம். மிளகு வியாபாரிகளுக்கோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரக்கு வரும் நேரம். கடையை விட்டு நகர முடியாது.

இடனறிதல்

காட்டில் வனத்துறை அனுமதித்த பாதை, அனுமதிக்காத பாதை என்று இரண்டு உண்டு. 2018 மார்ச் 11-ஆம் தேதி, மூணாறு மலைத்தொடரின் தேனிப் பக்கச் சரிவில், குரங்கணி காட்டில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னை, ஈரோடு பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் அவர்கள். அனுமதி பெற்றது ஒரு பாதைக்கு, சென்றது வேறு பாதையில் என்று வனத்துறை அப்போது தெரிவித்தது. மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். காற்றும் சேர்ந்தால் தீயைவிட வேகமாக மனிதனால் ஓட முடியாது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. ஆகவே, "நமக்குத் தெரிந்த ஆள் கூட்டிப்போவார்" என்பதை ஏற்காதீர்கள். அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகே நடக்க வேண்டும்.

சரியான வழிகாட்டிகள் கிடைக்காமல் இல்லை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் முன்பு காட்டுக்குள் புகுந்து மரப்பட்டை திருடியவர்களையே வனத்துறை வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றியது. அவர்களுக்குத் தெரியாத தடம் இல்லை. எதிரியாக நின்றவரிடம் பொறுப்பைக் கொடுத்து வேலை வாங்கிய அந்தக் கதையை, வகுப்பறைப் பாடத்தைவிட அவர்களோடு காட்டில் நடந்துகொண்டே கேட்பது நன்று.

மூணாறிலும் அப்படி ஒரு பாடம் உண்டு. 2005-இல் டாடா டீ நிறுவனம் அங்குள்ள தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியபோது, தொழிலாளர்களையும் பங்குதாரர்களாகக் கொண்டு கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி உருவானது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டபோது, அதே தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெண்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் 20 சதவீதத்தைப் பெற்றுத் தந்தது. பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தலைமை என்றால் என்ன என்று பேச மலையேறும் மேலாளர்கள், ஜன்னலுக்கு வெளியே கொழுந்து பறிக்கும் இந்தப் பெண்களைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசலாம். மசாலா வியாபாரக் குடும்பங்கள் குமுளிப் பக்கம் போனால் ஒரு ஏலத் தோட்டத்தையும், புற்றடியில் நடக்கும் ஏல விற்பனையையும் பார்த்து வரலாம்.

புறப்படும் முன்

காலையில் மூன்று மணி நேரம் பேச்சு, பிற்பகலில் நடை, இரவில் சீக்கிரம் உறக்கம். இதற்கு மேல் நிகழ்ச்சிகளைத் திணிக்க வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கேரளத்தில் 2020 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போவதாக இருந்தால், 2024-இல் வந்த இ-பாஸ் விதியை அப்போதைய நிலவரப்படி விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "போதும், திரும்பிவிடலாம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைப் புறப்படும் முன்பே எல்லோர் எதிரிலும் முடிவு செய்யுங்கள். அவர் குழுவிலேயே இளையவராக இருக்கலாம். நிர்வாக இயக்குநரானாலும் அவர் சொல்லைக் கேட்டுத் திரும்ப வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுப்பு வந்தால் தயங்காமல் ஏற்கும்படி பெற்றோர்கள் சொல்லி அனுப்ப வேண்டும்.