அரைத் தூக்கத்தில் விரதம்

எடையைக் குறைக்க ஒருவேளைச் சாப்பாட்டை விடுவது இப்போது திருவொற்றியூர், எண்ணூர் பக்கமும் சகஜமாகிவிட்டது. "காலையில வெறும் டீ. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. ராத்திரி எட்டுக்கு மேல பச்சைத் தண்ணிதான்" என்று கம்பெனித் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை ஷிப்ட் பஸ்ஸில் கேட்கலாம். சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கும், டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருப்பார். எத்தனை இட்லி, எத்தனை சப்பாத்தி என்பதற்கெல்லாம் அவர்களிடம் துல்லியமான கணக்கு உண்டு. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். "நைட்டு முடிச்சிட்டு வந்து படுத்தேன், வெயில் ஏறிடுச்சு, எழுந்துட்டேன்" என்பார்கள்.

இந்தக் கணக்கை விட்டுவிட்டு வாயைக் கட்டினால் உடம்பில் என்ன நடக்கும் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆர்லெட் நெடெல்ச்சேவா, பிளாமென் பெனெவ் ஆகியோரின் குழு அளந்து பார்த்து 2010இல் வெளியிட்டது. எடை கூடுதலாக இருந்த 10 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்த கலோரிச் சாப்பாடு, 14 நாள் வீதம் இரண்டு முறை. ஒரு முறை இரவில் எட்டரை மணி நேரம் படுக்கலாம். மறுமுறை ஐந்தரை மணி நேரம்தான். இரண்டு முறையும் இறங்கிய எடை ஏறக்குறைய ஒன்றே, 3 கிலோ. தராசை மட்டும் பார்த்திருந்தால் தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டியிருப்பார்கள். ஆனால் கொழுப்பைத் தனியாக அளந்தார்கள். நன்றாகத் தூங்கிய இரண்டு வாரத்தில் கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்த இரண்டு வாரத்தில் வெறும் 0.6 கிலோ. மீதி இறங்கியதெல்லாம் தசை, நீர் முதலான கொழுப்பல்லாத பகுதி. தூங்கியபோது அது 1.5 கிலோ, தூங்காதபோது 2.4 கிலோ. அதோடு பசியும் கூடியிருந்தது.

பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதே ஆட்களை, அதே சாப்பாட்டில், தூக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்ததால் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. இதில் என்னை உலுக்கியது வேறொரு எண். ஐந்தரை மணி நேரம் படுத்தவர்கள் உண்மையில் தூங்கியது சராசரியாக 5 மணி 14 நிமிடம்.

இதைச் சென்னையோடு வைத்துப் பாருங்கள். பெத்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகிய பொருளியலாளர்கள் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரின் கையில் தூக்கத்தை அளக்கும் கருவியைக் கட்டி ஆராய்ந்தார்கள். ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள், தூங்கியதோ ஐந்தரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் புரளலும் விழிப்பும்தான். சிகாகோவில் சோதனைக்காகச் செயற்கையாக உண்டாக்கிய பற்றாக்குறை, இங்கே சாதாரண வீடுகளில் வருடம் முழுக்க நடக்கிறது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய தெருவில், ஷீட்டு போட்ட ஒற்றை அறையில், நைட் ஷிப்ட் முடித்தவர் காலை ஏழரைக்குப் படுக்கிறார். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல். பத்து மணிக்குள் ஷீட்டு கொதிக்கத் தொடங்கி, காற்றாடி அந்தச் சூட்டையே கீழே தள்ளுகிறது. பக்கத்து வீட்டு மிக்ஸி, கன்டெய்னர் லாரியின் ஹாரன், தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு ஓட்டம். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போய் நிற்கும் மீன்காரப் பெண்களுக்குத் தூக்கம் நடுராத்திரியிலேயே முடிந்துவிடுகிறது. துறைமுக வரிசையில் நிற்கும் லாரி ஓட்டுநருக்கு வண்டி நகரும் நேரம்தான் விழிக்கும் நேரம்.

தூக்கம் குறைந்தால் பசி ஏன் கூடுகிறது? கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின், "சேமிப்பு இருக்கிறது, போதும்" என்று மூளைக்குச் சொல்லும். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதைக் கண்டுபிடித்தது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின், சாப்பிடத் தூண்டும். இது 1999இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. காரின் ஸ்பீகலும் ஈவ் வான் காட்டரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்கள் இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுத்தார்கள். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது, பசி 24 சதவீதம் ஏறியது. மனம் அதிகம் நாடியது இனிப்பையும் உப்புத் தின்பண்டத்தையும் மாவுப் பண்டத்தையும். பின்னால் வந்த எல்லா ஆய்விலும் ஹார்மோன் மாற்றம் இதே அளவில் தெரியவில்லை. ஆனால் தூக்கம் கெட்டவர் கூடுதலாகச் சாப்பிடுவது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. ஷிப்ட் விட்டு வெளியே வருகிறவரின் கை டீக்கடை பஜ்ஜிக்குத்தான் போகிறது, சுண்டலுக்கு அல்ல. மன உறுதி இல்லை என்று அவரைக் குறை சொல்வது அநியாயம்.

பசிக்கென்று ஒரு கடிகாரமும் உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் ஃபிராங்க் ஷீயரும் அவரோடு பணியாற்றியவர்களும், தூங்கும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஓடும் கடிகாரத்தின்படி பசி காலை எட்டு மணி வாக்கில் மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணி வாக்கில் உச்சத்திலும் இருந்தது. காலைச் சாப்பாட்டை விடுவது பலருக்குச் சுலபமாகவும் இரவுச் சாப்பாட்டை விடுவது போராட்டமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். பத்து மணி ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் அந்த உச்சத்தில்தான் விரதத்தைத் தொடங்குகிறார். விடிய விடிய விழித்திருந்து அதைக் காக்கவும் வேண்டும்.

நோன்பு நம் ஊருக்குப் புதிதல்ல. சிவராத்திரி அன்று திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் பட்டினியும் கண்விழிப்பும் சேர்ந்தே நடக்கும். அது ஓர் இரவு. அடுத்த நாள் தூங்கினால் உடம்பு தேறிக்கொள்ளும். ரமலான் ஒரு மாதம் நீளும். ராயபுரத்திலும் மண்ணடியிலும் தராவீஹ் தொழுகை முடித்துப் படுத்து, சஹர் சாப்பாட்டுக்கு விடியலுக்கு முன்பே எழ வேண்டும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அந்த மாதத்தில் தூக்கம் நாளுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டிக் குறைகிறது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இறங்கி, பெருநாள் முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. நோன்பு எடைக்காக வைப்பதல்ல. ஆனால் எடைக்காக விரதம் இருப்பவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தசை இழப்பை நாம் அலட்சியம் செய்ய முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004இல் பூனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் தங்கள் உடம்பையே ஒப்பிட்டு ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. இருக்கிற கொஞ்சம் தசையையும் அரைத் தூக்க விரதத்தில் இழந்துவிட்டு, எடை இறங்கியது என்று மகிழ்வதில் பொருளில்லை. மூட்டை தூக்குகிறவருக்கும் வெல்டருக்கும் தசைதான் கூலி.

தூக்கத்தைக் கூட்டினால் பலன் உண்டா? சிகாகோவில் எஸ்ரா தசாலி குழு 2022இல் இதற்கு விடை சொன்னது. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய, எடை கூடிய 80 பேரில் பாதிப் பேருக்குத் தூக்கத்தைக் கூட்ட மட்டும் வழி சொன்னார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூக்கம் சுமார் 1.2 மணி நேரம் கூடியது, மற்றவர்களோடு ஒப்பிட்டால் உட்கொண்ட உணவு நாளுக்கு 270 கலோரி குறைந்தது. ஏறக்குறைய ஒரு கடைப் பரோட்டா.

சென்னை ஆய்வில் கட்டில், மெத்தை, காதடைப்பான், கண்மறைப்பு எல்லாம் கொடுத்தும் இரவுத் தூக்கம் 27 நிமிடம்தான் கூடியது. அதனால் வேலைத்திறனிலும் மனநலத்திலும் மாற்றம் தெரியவில்லை. மதியம் வேலையிடத்திலேயே அமைதியான இடத்தில் அரை மணி நேரம் படுக்கவிட்டபோதுதான் திறனும் மனநிலையும் தேறின. அந்த அரை மணி நேரம் உழைத்திருந்தால் கிடைத்திருக்கும் கூலி இழப்பு என்பதும் உண்மை. ஆகவே சம்பளம் பிடிக்காமல் ஓய்வு நேரமும், குளிர்ச்சியான ஓய்வறையும் கேட்பது தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும்.

நைட் ஷிப்ட் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரவு வேலையைப் போலவே விழித்திருந்து இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிட்டு, இரண்டு மணிக்குக் கேன்டீனில் கனமான சாப்பாட்டைத் தவிர்ப்பது இதற்கு நெருங்கிய வழி. புதிதாக விரதம் தொடங்குவதை இரவு ஷிப்ட் வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒருவேளையும் விட வேண்டாம். கேட்கப் போகும்போது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.