வில்லுக்கு எந்த ஊசி?

குச்சனூர்ச் சனீஸ்வரரைத் தரிசித்துவிட்டுக் கிழக்கே நோக்கினால் மேகமலை தெரியும். அக்காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. வில் பழக விரும்பும் இவ்வூர் வாலிபர், குறி பார்க்கும் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அக்கருவி இரு வகை. ஒன்றில் பல ஊசிகள் மேலும் கீழுமாக நிற்கும். வில்லை விட்ட அம்பு தாழ்ந்துகொண்டே செல்லுமல்லவா? ஆகவே அருகிலுள்ள இலக்குக்கு மேல் ஊசி. தொலைவுக்குக் கீழ் ஊசி. மற்றதில் ஒரே ஊசி. தூரத்துக்கேற்ப நகர்த்திக்கொள்ள வேண்டும்.

வேட்டையை அனுமதிக்கும் தேசங்களில், மிருகம் ஓரிடத்தில் நில்லாதாகையால், பல ஊசிகளைப் பலர் விரும்புகின்றனர். ஆனால் எந்த ஊசியும் தூரத்தை அளந்து சொல்வதில்லை. 30 கெஜத்தை 20 என்று மதித்தால் அம்பு தாழ்ந்து பாயும். மான் சாகாமல், காயத்துடன் ஓடி மறைந்து வதையுறும்.

நம் நாட்டிலோ 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். ஆகவே நம் வாலிபருக்கு ஒற்றை ஊசியே தகும். ஒலிம்பிக் பந்தயத்தில் இலக்கின் தூரம் 70 மீட்டர் என்பது முன்னரே நிச்சயம். ஊசியை அதற்கென அமைத்துக்கொள்ளலாம். அங்கே குறி தப்பினால் போவது மதிப்பெண்ணே, ஓர் உயிரன்று.